நாலு பேருக்கும் ஒரே நடை

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுவது. நாங்கள் நலம். நீ, அத்தான், பிள்ளைகள் எல்லோரும் சுகமா? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் இங்கே கூடத்து நடுவில் ஸ்பீக்கரில்தான் பேசும். நான் உன்னிடம் சொல்வதை அவரும் கேட்பார், மாமியாரும் கேட்பார். நடுவில் புகுந்து பதிலும் சொல்வார்கள். உனக்கு மட்டும் சொல்ல வேண்டியதை இனிமேல் தாளில் எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் கட்டிடத்துக்குச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஒரு கையில் எடை மெஷின், இன்னொரு கையில் இஞ்ச் டேப். தரைத்தளத்துப் பொது அறையில் எங்களை வரிசையாக நிற்க வைத்து இடுப்பை அளந்தாள், விரலில் குத்தி ரத்தம் பார்த்தாள். நம் மொழிதான் பேசுகிறாள். ஆனால் இங்கேயே பிறந்தவளாம், எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி பேச்சு. பெயர் சொன்னாள், யாரும் மனதில் வைக்கவில்லை. அளக்கிற அம்மா என்றே ஆகிவிட்டது.

"ரெண்டு வருஷத்துல பதினோரு கிலோ ஏறியிருக்கீங்க அக்கா. ஊர்ல நடந்தீங்க, இங்க உட்கார்ந்தே இருக்கீங்க" என்றாள். நான் ஊரில் நடந்தேன் என்று இவளுக்கு யார் சொன்னது? உட்கார்ந்திருப்பது என்னவோ உண்மை. தையல்கூடத்தில் எட்டு மணி நேரமும் சட்டைக் காலருக்குள் அளவுச் சீட்டு வைத்துத் தைக்கிற வேலை. எழுந்திருப்பது தண்ணீர் குடிக்கவும், குடித்ததை இறக்கவும்தான். எனக்குச் சர்க்கரை இன்னும் வரவில்லையாம், வாசலில் நிற்கிறதாம்.

நடைத் திட்டம் ஒன்று இருக்கிறதாம்; கையெழுத்துப் போட்டுச் சேர்ந்து தினமும் நடந்தால் போதும், எல்லாம் இலவசம் என்கிறாள். அவருக்குப் பிடிக்கவில்லை. "இடுப்பளவு எதுக்குக் கேக்குறாங்க? நாளைக்கு இதெல்லாம் நோயாளிக் கூட்டம், ஊருக்கே திருப்பி அனுப்புன்னு லிஸ்ட் போடத்தான்" என்கிறார். எனக்கும் உள்ளூர உதைக்கிறது. அவள் கொடுத்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நம் மொழியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். நீ ஒரு தடவை பார்த்துச் சொல்.

உன் வாலு

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். இங்கே அனைவரும் நலம். அத்தானுக்கு இருமல் விட்டது, பெரியவனுக்குப் பிடித்துக்கொண்டது.

தாளை மூன்று முறை படித்தேன், எட்டு எழுத்துப்பிழை. அதை விடு. பத்தொன்பது வருடம் பள்ளிக்கூட ஆபீசில் வருகைப் பதிவேடு பார்த்தவள் நான். ஒரு தாள் என்ன சொல்கிறது என்பதை விட என்ன சொல்லவில்லை என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அளவெடுத்த கணக்கு எங்கே போகும்? எத்தனை வருடம் வைத்திருப்பார்கள்? யார் கையில் கொடுப்பார்கள்? ஒரு வரி கூட இல்லை. அடியில் விலாசம் மட்டும் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள்.

உன் வீட்டுக்காரர் சந்தேகப்படுவதில் தப்பில்லை. நடப்பது நல்லதுதான், அதற்குக் கையெழுத்து எதற்கு? காலும் உன்னுடையது, தெருவும் அங்கேயே இருக்கிறது. கையெழுத்து மட்டும் போட்டுவிடாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம், உங்கள் நலம் அறிய ஆவல். பெரியவனுக்கு இருமல் நின்றதா?

உன் கடிதம் வருவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டேன். திட்டாதே. திட்டத்தில் சேர்ந்தால்தான் நம் மொழி பேசுகிற டாக்டரைப் பார்க்க முடியும். மற்ற டாக்டரிடம் போனால் என் வீட்டுக்காரர்தான் கூட வந்து மொழிபெயர்ப்பார். என் உடம்பில் எங்கே என்ன செய்கிறது என்பதை நான் அவரிடம் சொல்லி, அவர் டாக்டரிடம் சொல்லி, அவர்கள் இருவரும் சிரித்து, பிறகு என்னிடம் "ஒண்ணுமில்லையாம்" என்பார்.

இடுப்பில் மாட்ட கட்டைவிரல் அளவுக்கு ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார்கள். எத்தனை அடி எடுத்து வைத்தோம் என்று அதுவே எண்ணும். ஒரு நாளைக்கு ஏழாயிரம் அடிக்குக் குறையக் கூடாது. இரண்டு வாரம் தொடர்ந்து குறைந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள், டாக்டரும் போச்சு. நாங்கள் நாலு பேர் ஒரு குழு. நான், கீழ்வீட்டு அக்கா, எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்காரி, முதல் மாடியில் முழங்கால் அத்தை. அத்தை நாலு படி இறங்குவதற்குள் நமக்கு ஒரு தூக்கம் முடிந்துவிடும். கீழ்வீட்டு அக்காவுக்குச் சர்க்கரை நன்றாகவே வந்துவிட்டது. அவள் வீட்டுக்காரர் வேலையிடத்திலிருந்து மணிக்கொரு தரம் வீட்டுப் போனுக்கு அடிப்பார். மூன்றாவது மணிக்குள் எடுக்காவிட்டால் அன்று முழுக்கக் கேள்விதான்.

காலையில் வேலைக்கு முன், பக்கத்தில் ஏரி மாதிரி அகன்று கிடக்கும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடக்கிறேன். முதல் வாரம் மூச்சு வாங்கியது. இப்போது ஒரு மணி நேரம் யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை என்பதே மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது. எங்கள் குழுதான் முதலிடம். போன வாரம் நாள் சராசரி எனக்கு 7,412, கீழ்வீட்டு அக்காவுக்கு 7,409, அத்தைக்கு 7,415, குழந்தைக்காரிக்கு 7,411. அளக்கிற அம்மா கைதட்டினாள்.

உன் வாலு

மார்ச் 20

அன்புள்ள வாலுக்கு,

ஆசீர்வாதம். எல்லோரும் நலம். பரீட்சை நேரம், ஆபீசில் மூச்சு விட நேரமில்லை. இருந்தாலும் உன் கடிதத்தை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

நாலு படி இறங்கத் திணறுகிற அத்தை ஏழாயிரத்து நானூற்றுப் பதினைந்து அடி நடந்தாளா? உன்னை விட மூன்று அடி கூடவா? போன் அடித்தால் எடுக்க வேண்டியவள் ஒரு மணி நேரம் வெளியே எப்படிப் போனாள்? நாலு பேர், நாலு வயசு, நாலு ஜோடிக் கால். வித்தியாசம் ஆறே ஆறு அடி. இப்படி ஒரு பதிவேடு என் மேஜைக்கு வந்தால் அந்த ஆசிரியரைக் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் பேசுவேன்.

நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல். அங்கே என்ன நடக்கிறது?

அக்கா

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

சின்ன வயதில் நான் பல் தேய்த்தேன் என்றால் கூட பிரஷ்ஷைத் தொட்டு ஈரம் பார்ப்பவள் நீ. நடக்கிறோம் அக்கா, அவ்வளவுதான். எனக்கு மூன்று கிலோ குறைந்திருக்கிறது. பழைய ரவிக்கை மூச்சைப் பிடிக்காமலே போட முடிகிறது.

காலையில் இன்னும் குளிர்கிறது. தையல்கூடத்துக் கழிவுத் துணியை வைத்து என் கோட்டுக்கு உள்ளே நாலு பை தைத்துக்கொண்டேன். கச்சிதமாக வந்திருக்கிறது. பக்கத்து மெஷின்காரி தனக்கும் வேண்டும் என்கிறாள்.

கீழ்வீட்டு அக்காவுக்குத்தான் நேரம் சரியில்லை. மூன்று மாதச் சராசரி சர்க்கரை இறங்கவே இல்லையாம். "இவ்வளவு நடந்தும் குறையலைன்னா மாத்திரை பத்தாது" என்று டாக்டர் ஊசி எழுதிவிட்டார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அடுத்த பரிசோதனைக்குள் எண்ணைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்று அவள் சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டாள். கை நடுங்குகிறது என்கிறாள். பயமாக இருக்கும், வேறென்ன. வேலைக்கு நேரமாகிவிட்டது.

வாலு

ஏப்ரல் 22

வாலு,

நலம் விசாரிக்க இப்போது பொறுமை இல்லை. கடிதம் கைக்கு வந்த அன்றே எழுதுகிறேன்.

நாலு பெட்டிக்கு நாலு பை. ஒருத்தி நடக்கிறாய், நாலு பேர் கணக்கில் ஏறுகிறது. இல்லை என்று எழுதாதே, எழுதினால் நம்ப மாட்டேன்.

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தியும் நல்லவள்தான். ஒரு பெண் வரவில்லை. வருகை குறைந்தால் உதவித்தொகை நின்றுவிடுமே என்று இரக்கப்பட்டு ஒன்பது நாள் 'வந்தாள்' என்று போட்டாள். வந்த பிள்ளையை யார் தேடிப் போவார்கள்? பத்தாம் நாள் அந்தப் பெண்ணைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்தாள், ஒரு காது போய்விட்டது. அந்த ஒன்பது நாளையும் சரிபார்த்து முத்திரை வைத்தவள் நான். இதை அத்தானிடம் கூடச் சொன்னதில்லை.

உன் டாக்டர் அந்தப் பெண்ணின் உடம்பைப் பார்த்து ஊசி போடவில்லை. உன் காலைப் பார்த்துப் போடுகிறார். அவளோ பட்டினி கிடக்கிறாள். உடனே போய்ச் சொல். உன் பெயர் போனால் போகட்டும். சொல்லிவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுது.

அக்கா

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்தேன். கீழ்வீட்டு அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "சொல்லிடாத. பேரை எடுத்துட்டா அவரைக் கூட்டிக்கிட்டுத்தான் டாக்டர்கிட்ட போகணும். அடுத்த பரிசோதனை வரைக்கும் பொறுத்துக்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பொறுத்துக்கொண்டேன். உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுதாமலே இருந்துவிட்டேன்.

ஜூன் மூன்றாம் தேதி தொட்டியை இரண்டாவது சுற்றுச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். எதிரே அளக்கிற அம்மா. அவள் வருகிற நாளே இல்லை. "கோட்டைக் கொஞ்சம் திறங்க அக்கா" என்றாள். கேட்கக் கூட இல்லை பார், தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறாள். நாலு பெட்டியையும் எடுத்தாள். "யாரு சொன்னது?" என்றேன். "ஒரு லெட்டர் வந்துச்சு. இப்ப அது முக்கியமில்ல. கீழ்வீட்டு அக்கா எங்க?" என்று கேட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

நான் வந்து சேர்வதற்குள் கீழ்வீட்டு அக்காவை அலுவலகக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போனார்களாம், எதிர்வீட்டில் பார்த்திருக்கிறார்கள். அன்று மாலை அவள் வீட்டுக்காரர் வந்து ஒரு பையில் துணி எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வீடு பூட்டியே கிடக்கிறது. விசாரித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று கட்டிடமே பேசுகிறது. "நான் அன்னிக்கே சொன்னேனே" என்று என் வீட்டுக்காரர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறார். அடுத்தது நாங்களோ என்று மாமியார் பாத்திரங்களை எண்ணி வைக்கிறார்.

எழுதியவள் கைக்குழந்தைக்காரிதான். அவளுக்குத்தான் வாய் நிற்காது. வாசலில் வைத்துக் கேட்டேன். குழந்தை மேல் சத்தியம் செய்து அழுதாள். நடிப்பு. அத்தை கூட இப்போது என்னைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஒரு குடும்பத்தையே கிளப்பிவிட்ட அந்தக் கடிதத்தை எழுதிய கை எது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். இங்கே யாரையும் நம்ப முடியவில்லை. உன் ஒருத்தியைத்தான் நம்புகிறேன்.

உன் வாலு

ஜூலை 8

அன்புள்ள வாலுக்கு,

ஆசீர்வாதம். இங்கே அனைவரும் நலம். பள்ளிக்கூடம் திறந்து சேர்க்கை வேலை மும்முரம். ஆபீசுக்குப் புது அலமாரி வந்திருக்கிறது, கதவு சரியாக மூடவில்லை. சின்னவன் ஒரு சாண் வளர்ந்துவிட்டான். அத்தான் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

நீ மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. எழுதியது யாராக இருந்தால் என்ன? பாவம், அந்தக் குழந்தைக்காரியை ஒன்றும் சொல்லாதே, அவளாக இருக்காது. கீழ்வீட்டுப் பெண் எங்கே இருக்கிறாள் என்று எப்படியாவது விசாரித்து எழுது. அவள் வீட்டுக்காரர் வேலை செய்யும் இடத்தில் கேட்டுப் பார். உண்மையாகவே திருப்பி அனுப்பிவிட்டார்களா? அதை மட்டும் எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூலை 30

அக்கா,

நலம்.

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். அலமாரிக் கதவு வரை எழுதியிருக்கிறாய். பல் தேய்த்தேனா என்று ஈரம் பார்க்கிறவள், யார் எழுதினார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. குழந்தைக்காரி இல்லை என்று நேரில் பார்த்த மாதிரி சொல்கிறாய்.

அந்தத் தாளில் விலாசம் பெரிதாக இருந்தது என்று நீதான் எழுதினாய். தாளும் உன்னிடம்தான் இருக்கிறது.

நீயா?

தங்கை

ஆகஸ்ட் 16

அன்புள்ள தங்கைக்கு,

ஆமாம், நான்தான்.

ஏப்ரல் 22ஆம் தேதி உனக்கு எழுதிய அன்றே அந்த விலாசத்துக்கும் ஒன்று எழுதி உறையில் போட்டு ஒட்டி வைத்தேன். உன் பதில் வந்தால் கிழித்துவிடலாம் என்று தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலுக்கு வந்து நின்றேன். போனில் கேட்கலாம் என்றால் உன் கூடத்து ஸ்பீக்கர். இரண்டு தடவை அடித்தேன், இரண்டு தடவையும் உன் மாமியாரிடம் உடம்பு எப்படி என்று விசாரித்துவிட்டு வைத்தேன். நாலு வாரம் பொறுத்தேன். மே 20ஆம் தேதி தபாலில் போட்டுவிட்டேன்.

மொட்டைக் கடிதம் போட எனக்குத் தெரியும், ஆபீசுக்கு வாரம் ஒன்று வருகிறது. அப்படிச் செய்யவில்லை. என் பெயரைப் போட்டேன், உன் பெயரையும் போட்டேன். தொட்டியைச் சுற்றி நடப்பதை எழுதினேன். நாலு பையை எழுதினேன். அந்தப் பெண் பட்டினி கிடந்துகொண்டு ஊசி போடுகிறாள், முதலில் அவளைப் போய்ப் பாருங்கள் என்று அடிக்கோடு போட்டு எழுதினேன்.

போன கடிதத்தில் மறைத்தது பயத்தால். அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று படித்ததிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். அந்தத் திட்டத்தை ஒரு வரி கூட நம்பாதவள் நான். அவர்கள் கையிலேயே கொண்டுபோய் ஒரு குடும்பத்தைக் கொடுத்துவிட்டேனோ என்று இருக்கிறது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கலாம். அந்தப் பெண்ணிடம் யார் கேட்பது?

அதே நிலைமை திரும்ப வந்தாலும் போடுவேனா என்று யோசித்துப் பார்த்தேன். போடுவேன். இதையும் மறைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அக்கா

நவம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

மூன்று மாதமாக உனக்கு எழுதவில்லை. நீ ஒப்புக்கொண்ட பிறகு போட்ட இரண்டு கடிதங்களையும் பிரிக்காமல் வைத்திருந்தேன். போனில் நீ பேசியபோதெல்லாம் குளித்துக்கொண்டிருந்தேன் என்று மாமியார் சொல்லியிருப்பார். அத்தனை தடவை குளித்திருந்தால் கரைந்தே போயிருப்பேன்.

அக்டோபர் கடைசியில் கீழ்வீட்டில் விளக்கு எரிந்தது. ஓடிப் போய்க் கதவைத் தட்டினேன். கீழ்வீட்டு அக்காவே திறந்தாள். பாதியாகியிருந்தாள். யாரும் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. ஜூன் மூன்றாம் தேதி காலை எப்போதும்போல ஊசியைப் போட்டிருக்கிறாள். பரிசோதனைக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது என்று முந்தின நாள் மதியத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அடுப்பங்கரையில் தலை சுற்றி விழுந்துவிட்டாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது காதில் விழுந்ததாம், எழுந்திருக்க முடியவில்லையாம். அந்த நேரத்தில்தான் அளக்கிற அம்மா கதவை இடித்திருக்கிறாள். உள்ளே போன் அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. கட்டிடக் காவலாளியைக் கூப்பிட்டு மாற்றுச் சாவியில் திறந்து, இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி, ஆம்புலன்சுக்குக் காத்திருக்காமல் தன் அலுவலகக் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்களாம். பதினேழு நாள் அங்கே. பிறகு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அவள் கொழுந்தனார் வீட்டில் இருந்திருக்கிறார்கள். அவள் வீட்டுக்காரர் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை.

"உங்க அக்கா எழுதுனதுன்னு அளக்கிற அம்மா எனக்கு மட்டும் சொன்னாங்க, நானா கேட்டதுக்கப்புறம்தான்" என்றாள்.  மே மாதமே நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் விழுந்திருக்கவே மாட்டாள். குழந்தைக்காரியிடம் போய்க் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். கேட்டு முடிக்கும் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் பால் காய்ச்சப் போனாள்.

ஏழாயிரம் கணக்கை எடுத்துவிட்டு எங்கள் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அளக்கிற அம்மா பொது அறையில் எல்லோரையும் கூட்டி, "எண்ணிக்கை வெச்சது எங்க தப்பு. எத்தனை நடந்தாலும் டாக்டர் உண்டு. நடக்கலைன்னா நடக்கலைன்னு சொல்லுங்க" என்றாள். என் வீட்டுக்காரர் மட்டும் இன்னும், "இப்ப எதுக்கு இவ்வளவு இறங்கி வர்றாங்க? ஏதோ இருக்கு" என்கிறார். இருக்கட்டும். நானும் அவளை முழுசாக நம்பிவிடவில்லை. ஆனால் எங்கள் அளவுகள் எங்கே போகின்றன, யார் பார்க்கிறார்கள் என்று நீ கேட்ட கேள்விகளை எழுந்து நின்று கேட்டேன். அடுத்த வாரம் எழுத்தில் பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். வந்தால் அனுப்புகிறேன். பிழைதிருத்திப் படி.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். முழுப் பொய்யாகிவிடும். நீ செய்தது சரி என்று தெரிகிறது. என்னிடம் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம் என்று இன்னும் வலிக்கிறது. இரண்டும் உள்ளே இருக்கின்றன. எது முதலில் போகும் என்று தெரியவில்லை.

இன்று காலை நாலு பேரும் இறங்கினோம். அத்தை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் திட்டிக்கொண்டே வந்தாள். குழந்தைக்காரி குழந்தையை முன்னால் கட்டிக்கொண்டாள். கீழ்வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் விடுப்புப் போட்டுவிட்டுத் தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். காவலா, கவலையா, எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மூன்று தடவை உட்கார்ந்தோம். முடிந்ததும் அவள் தன் பெட்டியை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "சரியாப் பாத்துச் சொல்லு, இது என்னுதுதானா?" என்று கேட்டாள்.

ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. அவளே நடந்தது. இதை நீ நம்பலாம்.

இன்னும் கோபம் தீராத,
உன் தங்கை